சிட்டு மொழி

"மொழிக்குப் பேரு சிட்டுவா? காட்டு ஜனங்க பேசுற மொழி மேடம். கொஞ்சம் கம்பீரமா வைக்கக் கூடாதா?" என்றார் டைரக்டர்.

"பேரை மட்டும் மாத்தாதீங்க சார்" என்றாள் அவள். படத்துக்காக அந்தப் புது மொழியை எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

"சரி, பேரு போகட்டும். ஓடுறதுக்கு வார்த்தையே இல்லை. ஜன்னல் வழியா பார்க்கிற மழைக்கு மட்டும் ஆறு வார்த்தை! இவங்க வேட்டைக்குப் போறவங்களா, வீட்டுக்குள்ளயே கிடக்கிறவங்களா?"

டப்பிங் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் கதாநாயகன் காத்திருந்தான். கடைசிக் காட்சி. சாவதற்கு முன் அவன் தன் அம்மாவிடம் 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும்.

"அதுக்கு என்ன வார்த்தை மேடம்?"

"அதுக்கு வார்த்தை இல்லை சார்."

"இல்லைன்னா இப்பவே ஒண்ணு உண்டாக்குங்க."

"என்னால முடியாது."

டைரக்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நீங்க உண்டாக்கின மொழிதானே? என்ன பிடிவாதம் இது?"

"நான் உண்டாக்கலை சார். படுத்த படுக்கையா கிடந்த என் பொண்ணு உண்டாக்கினது. ஜன்னலைப் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு வார்த்தையா எனக்குச் சொல்லிக் கொடுத்தா."

"அப்போ அவளுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்!"

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தாள்.

"நான் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள சிட்டு சொல்லிக்காமலே போயிட்டா சார்."