ஓரகத்திக்கு ஒரு ஸ்கேன்

ஸ்கேன் சென்டர் வாசலில் கார் நின்றபோதே ராமுத்தாய்க்கு வயிறு எரிந்தது. இவள் பிரசவத்துக்கே கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ்தான். கொழுந்தன் பெண்டாட்டி ஜீவிதாவுக்கு ஏதோ நெஞ்சு படபடப்பாம், அதற்கு வாடகைக் கார்!

"துணைக்கு வாங்கக்கா" என்று அவள் கெஞ்சியதால்தான் வந்தாள். வராவிட்டால் அங்கே என்னென்ன உபசாரம் நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

"ஸ்கேன்ல அப்படி என்னத்தடி பாப்பாக?"

"இதயம் துடிக்க உள்ள கரண்டு ஓடுதாம்க்கா. அது தடைபட்டா ஆளு பொசுக்குனு சாஞ்சிருவாகளாம். துடிப்பு சீரா இருக்கான்னு டிவில பாத்துருவாகளாம்."

"ஒனக்குக் கரண்டு, எங்களுக்கு மண்ணெண்ணெயாக்கும்!"

போன மாதம் கத்தரித் தோட்டத்தில் ராமுத்தாயும்தான் மயங்கி விழுந்தாள். ஒரு தரமல்ல, இரண்டு தரம். "வெயில்ல பித்தம்" என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு எழுந்துகொண்டாள். புருஷன் எவ்வளவு கெஞ்சியும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜீவிதா உள்ளே போன சுருக்கில் சிரித்தபடி திரும்பி வந்தாள். கழுத்தில் பூசிய பவுடர்கூடக் கலையவில்லை.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்க்கா. ஏசி ரூமு, மெத்துனு கட்டிலு. டாக்டரே பக்கத்துல உக்காந்து விசாரிக்கிறாரு."

அதற்கு மேல் ராமுத்தாயால் பொறுக்க முடியவில்லை.

"நம்ம வீட்டுல சேலை எடுத்தா ரெண்டு பேருக்கும்தான எடுப்பாக? எனக்கும் அந்த ஸ்கேன எடுக்கச் சொல்லுடி!"

சொன்ன கையோடு உள்ளே அழைத்துப் போய்ப் படுக்க வைத்தார்கள். டாக்டர் அவள் நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை மெல்ல நகர்த்தினார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதயத்துல ஒரு பக்கச் சுவர் பிந்திச் சுருங்குதும்மா. கரண்டு ஓட்டத்துலதான் கோளாறு. இன்னிக்கே அட்மிட் ஆயிருங்க, சரி பண்ணிரலாம். இன்னொரு தரம் கத்தரித் தோட்டத்துல விழுந்திருந்தா எந்திரிச்சிருக்க மாட்டீங்க."

ராமுத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் தோட்டத்துல விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? சீக்கு அவளுக்குத்தான?"

ஜீவிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குன்னு சொன்னாத்தானக்கா நீங்க வருவீக!"