மாமனார் பெயர் வைத்த பூச்சி

இறக்கைத் தூள் பறந்துவிடக் கூடாதென்று மருமகள் மின்விசிறியை நிறுத்தியிருக்கிறாள். ஆய்வறை புழுங்குகிறது. மேசை விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள், ஊசி குத்திய இரண்டு அந்துப்பூச்சிகள், காய்ந்த இலையின் நிறத்தில். ஒன்று, அவளுடைய மாமனார் இளவயதில் மழைக்காட்டில் பிடித்து, புதிய இனம் என்று பெயர் வைத்தது. வாழ்நாளில் அவர் பெயர் வைத்தது இந்த ஒன்றுக்குத்தான். மற்றது, அவருக்கும் முன்னால் யாரோ பெயரிட்டது. வெளியூர் அருங்காட்சியகத்திலிருந்து காலையில்தான் பார்சலில் வந்தது. இரண்டும் ஒரே இனமென்றால் முந்தைய பெயர்தான் நிற்கும். மாமனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல்வரை போகிறார், திரும்புகிறார், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கிறார்.

“என்னம்மா, ஏதாவது தெரியுதா?”

“பாத்துட்டே இருக்கேன் மாமா.”

அவள் பார்த்து முடித்து வெகுநேரமாகிறது. இனத்தைக் காட்டிக்கொடுக்கும் வயிற்று நுனியின் நுண்ணிய கொக்கிகள் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றே. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தால் சொல்லியாக வேண்டும். செருப்புச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

“மென்னு முழுங்காதம்மா. ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஆமா மாமா.”

“தள்ளு, நான் பாக்கறேன்.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிகிறார். நிமிர்கிறார். மறுபடி குனிகிறார். மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கின்றன.

“ஒண்ணேதான். வேற எவனோ கட்டுரையில எழுதறதுக்கு நீயே எழுதிடு,” என்கிறார். “நான் வெச்ச பேரைக் கொஞ்சம் மரியாதையா அடிச்சிடும்மா.”