ஏழாவது துண்டு

மனைவி இறந்தபின் அந்த வீட்டில் ராத்துணையின் விலை, நாளொன்றுக்கு ஆறு துண்டு வாழைப்பழம். ஓய்வுபெற்ற மளிகைக்கடைக்காரர் அதை எண்ணித்தான் கொல்லைத் தட்டில் வைப்பார். ராத்திரி வருவது மரநாய் ஒன்று, முள்ளெலி இரண்டு. ஆளுக்கு இரண்டு துண்டு. கொசுறு கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. அது மனைவியின் கெட்ட பழக்கம். கடையில் அவர் நிறுத்துவைத்த பொட்டலத்தில், அவர் திரும்பும் நேரம் பார்த்து ஒரு பிடி கூடப் போட்டுவிடுவாள்.

காலையில், மகள் மரத்தில் மாட்டிக்கொடுத்த கேமராவின் படங்களைப் பார்த்தார். மூன்றும் தத்தம் பங்கைத் தின்றன. முள்ளெலிகள் போய்விட்டன. மரநாய் மட்டும் காலித் தட்டின் முன் உட்கார்ந்து, எதிரே ஆள் நிற்பதுபோல் அண்ணாந்து பார்த்தது. அடுத்த படத்தில் தட்டில் ஒரு துண்டு இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை.

போன் அடித்தது. "அப்பா, வீட்டை விக்கிறதுக்கு அட்வான்ஸ் தர ஆள் இங்க வந்து நிக்கிறாரு. வாங்கிடவா? இன்னும் எத்தனை நாளுக்குத் தனியா கிடப்பீங்க?"

"வேணாம்னு சொல்லிடும்மா. உங்கம்மா இன்னும் கொசுறு போடுறத நிறுத்தல."

"என்னப்பா சொல்றீங்க?"

அவர் நோட்டை எடுத்து எழுதினார்: வைத்தது ஆறு. தின்றது ஏழு. கூடுதல் ஒன்று, வீட்டுக்காரி வகையில்.