இடக்கன்னம்

மாலை ஆறே காலுக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெய்வநாயகம் எண்ணெய்க் கிண்ணத்துடன் மனைவியின் அருகில் உட்கார்ந்தார். காற்று பட்டாலே கோமளத்தின் வலக்கன்னத்தில் நரம்பு வெட்டி இழுக்கும். அக்குபங்சர், உப்பு ஒத்தடம், ஹோமியோபதி உருண்டை எல்லாம் பார்த்தாயிற்று. இது வர்ம வைத்தியர் கொடுத்த எண்ணெய். முதல் நாள் விரல் நெருங்கியதுமே அவள் முகத்தைத் திருப்பி, வலியில்லாத இடக்கன்னத்தைக் கொடுத்தாள். அவர் கை அவள் முகத்தில் பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கன்னத்தில்தான் தடவுகிறார்.

“எண்ணெய்க்கு வலி கேக்குதா?”

“கொஞ்சம் தேவலைங்க.”

“வைத்தியர்ட்ட சொல்லிராத. இன்னொரு பாட்டிலத் தலையில கட்டிருவாரு.”

அவள் வலிக்காத பக்கமாக மட்டும் சிரித்தாள். அவர் விரல்களைத் துணியில் மெதுவாகத் துடைத்தார்.

“வலி அந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும், கோமளம். நாளைக்கும் இதுலயே தடவட்டுமா?”