பதினொரு மணிக்கு வருகிறார்கள்

ஆங்கிலக் கிராமப்புறமான ஹெர்ஃபோர்ட்ஷயரில் மழை விட்ட காலை. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்த நான் பக்கத்துப் பண்ணையின் சமையலறை வாசலில் நிற்கிறேன். உள்ளே ஹெஸ்டர் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்கிறாள். கணவன் டெஸ்மண்டின் இடுப்பு முறிந்து, வீட்டை விற்பது என்று முடிவான நாளிலிருந்து அவள் ரொட்டி சுட்டதில்லை. வெளியே விற்பனைப் பலகை ஈரத்தில் பளபளக்கிறது: ‘பழைமை மாறாத பண்ணை வீடு, குதிரை லாயங்கள், நாற்பது ஏக்கர் நிலம்.’ மாற்ற முடியாமல் போனதற்கு என்ன அழகான பெயர்! முற்றத்துக்கு அப்பால், ஊன்றுகோலோடு டெஸ்மண்ட் காலி லாயத்தில் புது வைக்கோல் பரப்புகிறான். பழக்கதோஷத்தில் வாளியிலும் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறான். கடைசிக் குதிரை போய் ஒரு மாதம் ஆகிறது. ரொட்டி வாசனை அவனை எட்டுகிறது. தலை நிமிர்கிறது. வாசலில் சேற்று பூட்ஸைக் கழற்றிவிட்டு, என்னைத் தாண்டி வந்து, புதுத் துணி விரித்த மேசை முன் உட்கார்கிறான். முகமெல்லாம் வெளிச்சம். “அடுப்பு பத்த வைக்க இன்னும் ஞாபகம் இருக்கே உனக்கு! மனசு மாறிட்டியா, ஹெஸ்? விக்கலதானே?” ரொட்டிக் கத்தியை எடுக்கிறான். “வெண்ணெய எங்க ஒளிச்சு வச்சிருக்க?” ஹெஸ்டர் அவன் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்குகிறாள். “வெட்டாத, டெஸ். வீடு பாக்க வர்றவங்களுக்கு வாசனை வரணும்னு தரகர் சுடச் சொன்னாரு. பதினொரு மணிக்கு வர்றாங்க.” அவன் தன் சட்டைக் கையிலிருந்து மேசைத் துணியில் உதிர்ந்த வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான்.