நாலு சொல்லில் ஒன்று

“இஞ்சேருங்கோ, எஃப், ஓ. இந்த ரெண்டு எழுத்திலை தொடங்கிற நாலு சொல்லு இருக்கு. கேக்கட்டோ?” என்றாள் என் மனைவி புனிதவதி.

கேள், கேள் என்றேன். ரயில்வே ஆபீசிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆனாலும் அன்று எனக்கு நல்ல குஷி.

கையிலிருந்த நோட்டுக் கொப்பியைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஃபாக்ஸ். நரி என்றேன். ஃபோர்க். முள்ளுக்கரண்டி. ஃபாரஸ்ட். காடு.

“ஃபார்எவர்?”

நான் காத்திருந்த சொல் இதுதான்.

மூன்று வாரமாக இப்படி இங்கிலீஷ் படிக்கிறாள். மலாயா ரயில்வேயின் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் மற்ற கிளார்க்மாரின் மனைவிகள் இரண்டு வார்த்தை பேசுகிறார்களாம், தனக்கும் ஆசையாம். வாரம் ஒருமுறை ஒரே எழுத்துகளில் தொடங்கும் நாலு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

முதல் நாளே எனக்குப் பிடிபட்டுவிட்டது. ரெஸ்ட், ரிப்பேர், ரிட்டர்ன் எல்லாம் சரி. ரினவுன்ஸ் என்ற சொல் எங்கள் அடுப்படிக்கு எப்படி வந்தது? அது என் அலமாரியில், நானே டைப் அடித்து வைத்திருந்த பத்திரத்தில் உள்ள சொல்.

களவாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். பத்திரத்துச் சொல் ஒன்றை மூன்று வெறும் சொற்களுக்குள் ஒளித்துக் கேட்டால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு. பதினோரு வருஷம் பைல் பார்த்தவனிடம் கண்ணாமூச்சி ஆடுகிறாள், பாவம்.

பத்திரம் வேறொன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டை என் தங்கை இராசேஸ்வரிக்குச் சீதனமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். தங்கைக்கு இருபத்தொன்பது வயது. ஐந்தாவதாக வந்த மாப்பிள்ளை வீட்டார், வீடு இல்லாமல் தாலி இல்லை என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். இங்கே சம்பளத்தையும் வெட்டிவிட்டார்கள். மலாயாவில் உத்தியோகம் பார்க்கிற அண்ணன் வேறு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பான்?

அந்த வீட்டில் புனிதவதியின் தாய் இருக்கிறாள். கிழவி எங்கே போவாள் என்பது என் தலைவலி இல்லை.

புனிதவதியிடம் சொன்னது வேறு. தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு வருஷம் அங்கே குடியிருக்க ஒரு கடதாசி, அவ்வளவுதான் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசனை இந்த வழியில் வந்தது.

மற்றச் சொற்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த ஒன்றுக்கு மட்டும் என் சொந்த அகராதி. ரினவுன்ஸ் என்றால் உரிமையைக் கைவிடுவது. நான் பதிவு செய்வது என்றேன். வேக்கேட் என்றால் வீட்டைக் காலி செய்வது. நான் வெள்ளையடிப்பது என்றேன். முப்பது நாளுக்குள் அவள் தாய் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பத்திரத்தைப் புரிந்துகொண்டிருப்பாள். குளிக்கும்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

இங்கிலீஷ் தெரியாத பெண்தான் வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. படித்தவள் புருஷனுடைய கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பாளாம். தமிழ் மட்டும்தான் என்று தரகர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அதனால் எட்டு வருஷமாக என் கடிதங்களை மேசையில் போட்டபடி போட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குப் போகிறேன்.

“ஃபார்எவர் எண்டால் ஒரு வருசத்துக்கு” என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டு கொப்பியை மூடினாள்.

“அந்தக் கடதாசியைத் தாங்கோ. கையெழுத்து வைக்கிறன்.”

சாட்சிக் கையெழுத்துகளை ஆபீஸ் நண்பர்கள் இருவரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். அவளுடையதுதான் பாக்கி.

பத்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மையை ஒற்றி, மூன்றாக மடித்து, நீளக் கவரில் போட்டு, வாயையும் ஒட்டி வைத்திருந்தாள். ஆபீஸ் காகிதங்களை நான் அப்படித்தான் செய்வேன். என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிரித்துப் பார்த்தால் சந்தேகப்படுவாளோ என்று அப்படியே அரக்கு வைத்தேன். மறுநாள் கப்பல் தபாலில் ஊர் வக்கீலுக்குப் போய்விட்டது.

இன்று அது திரும்பி வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து வக்கீல், மாப்பிள்ளை வீட்டாரையும் என் அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்து அதைச் சத்தமாக வாசித்து, தமிழிலும் விளக்கியிருக்கிறார். பெண்டாட்டியை ஏமாற்றிப் பிடுங்கிய வீட்டில் விளக்கேற்ற மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய இராசேஸ்வரி மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை என்று அம்மா எழுதியிருக்கிறாள்.

பத்திரத்தைப் பிரித்தேன்.

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சொற்கள்: ரினவுன்ஸ், வேக்கேட், ஃபார்எவர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான் சொன்ன அர்த்தம், ஒன்றும் பிசகாமல், இங்கிலீஷில். என் கணவர் எனக்குக் கற்பித்தபடி என்று கீழே ஒரு வரி. அதுவும் இங்கிலீஷில்தான்.

சாய்ந்து, ஒரே சீராக ஓடுகிற எழுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பிரம்படி பட்டுப் பழகினால்தான் அப்படி வரும். என் எழுத்தைவிட நன்றாக இருந்தது.

மேசையில் போட்டுவிட்டுப் போன எட்டு வருஷக் கடிதங்களை நினைத்தேன். கிள்ளானில் இருக்கிற ஒரு நர்ஸ் எனக்கு மாதம் தவறாமல் எழுதியவையும் அதில் உண்டு.

புனிதவதி கொப்பியோடு வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“என், யூ” என்றாள். “நாலு சொல்லு இருக்கு. நட், நம்பர், நன், நர்ஸ். சொல்லுங்கோ.”