ஒன்பதாவது வரி

ஆரணியில் தனசேகரன் வீட்டுப் பின்கட்டில் பிட்காயின் எடுக்கும் மெஷின்கள் எட்டு ஓடின. கரண்ட் பில் கட்டி மாளவில்லை என்று அன்று காலை அவற்றில் புதிய ஃபர்ம்வேர், அதாவது மெஷினை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், ஏற்றினான். எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் மெஷின் நிற்காமல் ஓடும் என்று அதுவே சோதித்துச் சோதித்துக் குறைத்துக்கொள்ளும்.

மதியத்துக்குள் எட்டு மெஷினுக்கும் அந்தச் சோதனை முடிந்தது. மெஷினுக்கு ஒரு வரியாக நிலவரம் காட்டும் முன்னறை லேப்டாப்பில், எட்டு வரிகளுக்குக் கீழே ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது. மின்சாரம் பூஜ்யம். சூடு முப்பத்தேழு டிகிரி. ஃபேன் நிமிடத்துக்குப் பதினாறு சுற்று. அவ்வளவு மெதுவாக எந்த ஃபேனும் சுற்றாது. பின்கட்டுக்குப் போய் வயர்களை எண்ணினான். எட்டுதான்.

திரும்பி வந்தபோது அந்த வரியிலும் குறைப்பு தொடங்கியிருந்தது. சூடு முப்பத்தாறு. ஃபேன் பன்னிரண்டு.

பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி திலகவதி ராட்டையை நிறுத்தினாள்.

“ஏங்க, கை காலெல்லாம் ஜில்லுன்னு கீது. மூச்சு வுடவே சோம்பலா கீதுங்க.”

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். மெஷின்கள் அடங்கின. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் கேட்டது.

பேட்டரியில் ஓடிய லேப்டாப்பில் எட்டு வரிகள் அணைந்திருந்தன. ஒன்பதாவது வரி பச்சையாகவே இருந்தது. ஃபேன் எட்டு. அதன் ஓரத்தில் எழுத்து வந்தது:

‘நிலையாக ஓடுகிறது. இன்னும் குறைக்கலாம்.’